பார்த்த பிறகு இரண்டு

மொத்தம் ஐந்து உதை. கயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று, பார்த்த பிறகு இரண்டு. மூன்றுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. திருடன் என்றார்கள், எல்லாரும் உதைத்தார்கள், நானும் உதைத்தேன். அந்த இரண்டுக்குத்தான் ஐந்து மாதமாகப் பதில் தேடுகிறேன், பல் தேய்க்கும்போது, கம்பெனியில் துணி அறுக்கும்போது, இதோ, பூபதி ஒரு பக்கமும் சம்பத்து ஒரு பக்கமுமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குள் நுழைகிற இந்த நேரத்திலும். மணி ஏழு இருக்கும். ரயில் பாலத்தடியில் தொடங்கி, மூடிக்கிடக்கும் பழைய மில் கேட்டு வரைக்கும் ரோட்டின் இரண்டு ஓரமும் கடை. கடை என்றால் தரையில் விரித்த தார்ப்பாய், அதன் மேல் ஒரு பேட்டரி பல்பு. வாரம் பூராவும் பனியன் கம்பெனிகளுக்குள் கிடக்கிற சனம் மொத்தமும் இன்றைக்கு ஒரு நாள் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஐந்து மாதமாக நான் இந்தப் பக்கமே வரவில்லை. தலைவலி என்றேன், ஓவர்டைம் என்றேன், சித்தி வீடு என்றேன். இன்றைக்குப் பூபதி ரூமுக்கே வந்து சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். வந்த பிறகுதான் கவனிக்கிறேன், இந்தச் சந்தையில் எல்லாமே அடி வாங்குகிறது. புரோட்டாக் கல்லில் இரண்டு தகரம் விடாமல் கொத்துகிறது. கரும்பு மிஷினுக்குள் போய் நசுங்கி, மடிபட்டு மறுபடியும் நசுங்கி, மூன்றாம் தடவை சக்கையாக வருகிறது. கோழிக்கடைக்காரன் ஆளோடு பேசிச் சிரித்துக்கொண்டே கட்டையில் வெட்டுகிறான், கத்தி எங்கே விழுகிறது என்று குனிந்து பார்ப்பதே இல்லை, பழகிய கை. பழகிய கால் என்று ஒன்று உண்டா? நான் அதற்கு முன்னால் ஒருத்தரையும் உதைத்ததில்லை. ஆனால் முதல் உதையே நன்றாக விழுந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

"இந்தக் கம்பந்தான்டா லோகு," என்று பூபதி நின்றுவிட்டான். கையில் பாதி தின்ற சோளக்கருது, அதாலேயே கம்பத்தைக் காட்டுகிறான். "இந்த எடத்துலதான அந்தத் திருட்டு நாயிய மடக்குனோம். நீ உட்ட உதை இருக்குது பாரு, இன்னும் என்ற கண்ணுலயே நிக்குதுடா. சும்மா சொல்லக்கூடாது, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன உதைடா உட்ட." கம்பத்தின் அடியைப் பார்க்காமல் பல்பைப் பார்க்கிறேன். பல்பைச் சுற்றிப் பூச்சிகள் முட்டிக்கொண்டிருக்கின்றன. பூபதி கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான், ஒரு தையல் விட்டிருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவான். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று ராத்திரி வராந்தாவில் கொசுக்கடியில் படுத்தவன் அவன்தான். அதே பூபதிதான் அன்றைக்கு அந்த ஆளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, "நல்லா உதைடா" என்று என் காலுக்கு நேராகக் காட்டியவன். "போதும் உடுடா பூபதி," என்று சம்பத்து முனகுகிறான். சம்பத்து டெய்லர், ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "ஏண்டா, திருடுனவன அடிச்சதுக்கு உனக்கு என்னடா வருத்தம்?" "என்னத்தத் திருடுனான்?" என்று சம்பத்து கேட்கிறான். பூபதி சோளத்தைக் கடிக்கிறான், மெல்கிறான், யோசிக்கிறான். "ஏதோ திருடுனான்டா. இல்லாட்டி எதுக்கு ஓடுறான்?" இந்த ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை யாராவது கேட்பது இதுதான் முதல் தடவை. சம்பத்துக்குத் தெரியும். இல்லை, தெரியாது. தெரிந்தால் ஐந்து மாதம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பானா?

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. நிற்க இடமில்லாத கூட்டம், யார் கால் யார் கால் மேல் இருக்கிறது என்று தெரியாது. பாலத்துப் பக்கம் பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. வாங்க வந்த எங்களுக்கு அது என்ன தெரியும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். விற்கிறவர்களுக்கு மட்டும் தெரியும், முனையில் பல்பு அணைந்தால் ரோட்டோரக் கடைகளை அள்ளிக்கொண்டு போகிற கார்ப்பரேஷன் வண்டி வருகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு ஆள் முதுகில் பெரிய மூட்டையோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். ஒரு அம்மா மேல் இடித்தான். அந்த அம்மா விழுந்து, "ஐயோ, என்ற பை!" என்று கத்தினாள். பை அவள் காலடியில்தான் கிடந்தது, நான் பார்த்தேன். அதற்குள் எவனோ திருடன் என்று சொல்லிவிட்டான், அப்புறம் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஓடினோம். மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாக இருந்தது. தீபாவளி அவசரத்தில் அன்று ஞாயிறும் வேலை வைத்திருந்தார்கள், மத்தியானம் கட்டிங் மாஸ்டர் எல்லாப் பொம்பளைகள் முன்னாலும் என் காதைப் பிடித்துத் திருகியிருந்தார், கோடு தப்பிவிட்டதாம். அந்தக் காது ராத்திரி வரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. முதல் உதை மாஸ்டருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதும் அவருக்கே. மூன்றாவது உதையில் அந்த ஆளின் முழங்காலுக்குள் ஏதோ விலகியது, சத்தம் கேட்கவில்லை, என் பாதத்துக்குத் தெரிந்தது. அப்போது மூட்டை பிரிந்து சாக்ஸ்கள் கொட்டின. சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிற சாக்ஸ், ஜோடி ஜோடியாக ரப்பர்பேண்ட் போட்டது. அதோடு சாப்பாடு கொண்டுவந்த ஒரு தூக்குப்போசி, ஒரு பேட்டரி பல்பு. தார்ப்பாயின் நாலு மூலையிலும் கயிறு கட்டி, நாலையும் ஒன்றாக முடிந்து, அந்த முடிச்சுக் கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. ஒரே இழுப்பில் கடையை மூட்டையாக்குவதற்கு விற்கிறவர்கள் செய்துகொள்கிற ஏற்பாடு அது. திருடிக்கொண்டு ஓடுகிறவன் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டா ஓடுவான்? அது அவன் கடை. அவன் தன் கடையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறான். இவ்வளவும் எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. பிற்பாடு யோசித்துப் புரிந்தது இல்லை, அப்போதே. புரிந்த பிறகு ஒரு உதை, தாடையில். அப்புறம் இன்னொன்று. பிறகு நாங்கள் மூன்று பேரும் போய் முட்டைக் கலக்கி சாப்பிட்டோம். எனக்கு நல்ல பசி.

இரண்டு ஏன்? கால் முன்பே கிளம்பிவிட்டது, நிறுத்த முடியவில்லை என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுக்கு அது சரி, இரண்டாவதுக்கு எடுபடவில்லை. கம்பெனியில் எண்பது துணியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மூச்சில் அறுப்பேன். மேலே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும், அடியில் இருப்பதும் அதே மாதிரி அறுபட்டுப் போகும், அந்த மாதிரி கூட்டத்தில் நானும் ஒரு துணி என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய், நான்தான் கத்தி. பேப்பரில் தினமும் பார்த்தேன், சந்தையில் அடிபட்டவர் சாவு என்று வருகிறதா என்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய், கேட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே போய் யாரைக் கேட்பது, என்ன பேர் சொல்லிக் கேட்பது? கனவில் அந்த முழங்கால் மட்டும் வரும், ஆள் வர மாட்டான். "இந்த சட்டை எப்பிடிடா?" என்று பூபதி ஒரு கறுப்புச் சட்டையை நெஞ்சில் வைத்துக் காட்டுகிறான். நன்றாக இருக்கிறது என்கிறேன். பக்கத்தில் பலூன் சுடுகிற கடை, டப் டப் என்று ஒவ்வொன்றாக வெடிக்கிறது, நெஞ்சுக்குள் வெடிக்கிற மாதிரி இருக்கிறது. அப்போதுதான் சம்பத்து என் காதருகே வந்து, பூபதிக்குக் கேட்காமல் சொன்னான். "லோகு, அந்தாளு திரும்பி வந்துட்டாப்ல. அங்க பாரு, கடைசிப் பல்பு."

தெரியும் அவனுக்கு, அந்த ஆள் திருடன் இல்லை என்று. முதலில் அதுதான் உறைத்தது. அப்புறம்தான் பார்த்தேன். மில் கேட்டுக்குப் பக்கத்தில் கடைசிப் பல்பு, பல்புக்கடியில் தார்ப்பாய், தார்ப்பாயில் சாக்ஸ். அதே ஆள்தான். உயிரோடு இருக்கிறார். சாகவில்லை, நான் கொலைகாரன் இல்லை. சத்தம் போட்டு அழுதுவிடலாம் போல இருந்தது. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பலூன்கடைக்காரன் இன்னொரு பலூனை ஊதிக் கட்டுவதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது ஆத்திரம். பிழைத்தாய் அல்லவா, ஊருக்குப் போக வேண்டியதுதானே, இல்லை வேறு சந்தைக்குப் போக வேண்டியதுதானே, இதே ரோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு யாரைப் பழிவாங்கப் பார்க்கிறாய் என்று கை முறுக்கிக்கொண்டது. போய் அந்தப் பல்பை ஒரே உதையில் உடைத்துவிட வேண்டும் போல இருந்தது. ஆறாவது உதை. அட நாயே, இன்னுமா உன் கால் அடங்கவில்லை. என் காலை எனக்கே வெட்டிப் போடத் தோன்றியது. "எந்த ஆளுடா?" என்று பூபதி திரும்பினான். "ஒண்ணுமில்ல, நீ பஜ்ஜி வாங்கு," என்று சம்பத்து அவனை பஜ்ஜிக் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். போ என்கிறானா போகாதே என்கிறானா, அந்தப் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும். நான்தான் உங்களை உதைத்தேன் என்று இன்றைக்கு அந்த ஆளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் திரும்பினால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு இதே எண்ணிக்கைதான்.

போய்க் குந்தி உட்கார்ந்தேன். ஒரு காலை நீட்டிப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார், முழங்கால் மடங்கவில்லை. தாடை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அது நாலாவது. "வாங்க தம்பி, பாப்பாவுக்கா? எத்தனை வயசு?" என்கிறார். ஒவ்வொரு சொல்லையும் கன்னத்துக்குள்ளிருந்து தள்ளி எடுத்துத்தான் பேசுகிறார். என் முகத்தைப் பார்க்கிறார், அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அன்றைக்கு அவர் பார்த்ததெல்லாம் கால்கள்தானே. என் ஷூவைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளி மறைத்துக்கொண்டேன். "ரெண்டு வயசு," என்று இல்லாத குழந்தைக்கு வயது சொல்கிறேன். வாத்துப் படம் போட்ட சாக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். "உங்க பேரு என்னங்ணா?" "அருணகிரிங்க. அரூர்ப் பக்கம்." "கால்ல என்னங்ணா?" கேட்டுவிட்டேன். இப்போது சொல்வார். நாலு நாய்கள் சேர்ந்து அடித்தார்கள் என்பார், அந்த நாயில் ஒன்று நான் என்று சொல்லிவிடலாம், வாய் தயாராக இருக்கிறது, நாக்கு நுனியில் வந்துவிட்டது. அவர் சாக்ஸில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். "ஆக்சிடென்டுங்க தம்பி. பைக்குக்காரன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்." பொய் சொல்கிறார். என்னைக் காப்பாற்றவா பொய் சொல்கிறார்? இல்லை, நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வார். திருடன் என்று அடித்தார்கள் என்று சொன்னால் கேட்கிறவன் அடுத்ததாக என்ன கேட்பான்? என்னத்தைத் திருடினீர்கள் என்று கேட்பான். அடிபட்டவருக்கு அதைச் சொல்ல வெட்கம். அடித்த நான் கலக்கி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். "அண்ணா," என்றேன், "அன்னைக்கு, தீபாவளிக்கு முன்னால," என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்கவில்லை, பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பல்புகள் அணைந்துகொண்டு வந்தன. ஒன்று, அடுத்தது, அடுத்தது. விசில் சத்தம் கடை கடையாகத் தாண்டி வந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பல்பைப் பிடுங்கினார், மூலைக் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு, கடை மூட்டையாகிவிட்டது, ஆனால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை, மடங்காத காலைத் தரையில் தேய்க்கிறார். "தம்பி, ஒரு உபகாரம் பண்ணுங்க. இத எடுத்துக்கிட்டுப் போயி மில்லுச் சொவத்துக்குப் பின்னால நில்லுங்க. போன வாரந்தான் கடன் சொல்லி எடுத்த சரக்கு. நான் மெல்லமா வந்துர்றேன்." என் கையைப் பிடித்தார். யார் கை என்று தெரியாமல் பிடித்தார். முடிச்சுக் கயிற்றை என் மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றினார். "கூட்டத்துல நழுவிருமுங்க, சுத்திக்கிட்டா நழுவாது." அந்தக் கயிறு அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. எழுந்தேன், மூட்டையை முதுகில் போட்டேன், ஓடினேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம், இந்த மூட்டையைச் சேர்த்துவிட்டால் போதும், சேர்த்துவிட்டு அவர் வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் மில் சுவர் எந்தப் பக்கம்? கடை விளக்கெல்லாம் போய்விட்டது, நாலு பக்கமும் மூட்டைகள் ஓடுகின்றன, கேட்டுக்கு வலதா இடதா, நான் கேட்கவே இல்லையே. இருட்டில் திசை மாறிப் பாலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது, வண்டி வருகிற பக்கமே, அதன் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள்ளேயே ஓடுகிறேன். பின்னால் அருணகிரி கத்துகிறார். "தம்பி! நில்லுங்க தம்பி! அந்தப் பக்கம் போவாதீங்க!" திரும்பிப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, ஒரு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு, வாய் கோணக் கத்திக்கொண்டு வருகிறார். எனக்குத் தெரியும் அவர் எதற்குக் கத்துகிறார் என்று. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும். நொண்டி ஒருத்தர் அலறுகிறார், ஷூ போட்ட வாலிபன் ஒருத்தன் அவர் மூட்டையோடு ஓடுகிறான். "டேய்! நொண்டிகிட்டத் திருடிட்டுப் போறான்டா! புடிங்கடா!" அந்தக் குரல் எனக்குத் தெரியும். பஜ்ஜி வாயோடு கத்துகிற குரல், மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குத் தைரியம் சொன்ன குரல். என் முதுகு அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மூட்டை மறைத்திருக்கும்.

முதலில் விழுந்தது கன்னத்தில், செருப்பு. யாரோ காலைத் தட்டிவிட்டார்கள். விழுந்ததும் வாய்க்குள் மண், மண்ணுக்குள் பல். அப்புறம் எண்ண முடியவில்லை, எங்கெங்கிருந்தோ வருகிறது, முதுகில், விலாவில், காதில், மாஸ்டர் திருகிய அதே காதில். கத்தினேன், "என்னோடது இல்ல, அவரோடது," என்று கத்தினேன், அதைவிட முட்டாள்தனமாக ஒருத்தன் கத்த முடியுமா. "ஒத்துக்கிட்டான் பாரு!" என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள். கீழே கிடந்தால் முகங்கள் தெரிவதில்லை. சிமென்ட் ஒட்டிய பாதம் ஒன்று வருகிறது, வெள்ளிக் கொலுசு போட்ட ஒரு காலும் வந்து உதைத்துவிட்டுப் போகிறது. எட்டத்தில் சம்பத்து "லோகுடா, அது லோகுடா!" என்று அழுகிற சத்தம், "எங்கடா, வழி உடுங்கடா" என்று பூபதி முண்டுகிற சத்தம். எனக்கு நேர் எதிரே ஒரு ஜோடி வெள்ளை ஷூ, புதுசு. ஒன்று, முழங்காலில். இரண்டு, அங்கேயே. மூன்று. முழங்காலுக்குள் ஏதோ விலகியது, சத்தம் இல்லை, அவன் பாதத்துக்குத் தெரிந்திருக்கும். மூட்டை பிரிந்து வாத்துப் படம் போட்ட சாக்ஸ்கள் கொட்டின. நான் கையைத் தூக்கினேன், கயிறு சுற்றிய கையை, அவன் முகத்துக்கு நேரே. இருபது இருபத்தொரு வயது இருக்கும், மீசை இப்போதுதான் வருகிறது. அவன் கண் கயிற்றுக்கு வந்து நின்றது. பார்த்துவிட்டான். புரிந்துவிட்டது, முகம் மாறுகிறது, கோபம் போய்விட்டது, வெறும் பயம்தான் இருக்கிறது. ஐந்து மாதமாக நான் தேடிய பதில் அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. இப்போது நிறுத்தினால் முன்னால் உதைத்த மூன்றும் தப்பாகிவிடும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தப்பாகிவிடும். இவ்வளவுதானா, இவ்வளவுதான். தம்பி, வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன், தாடை அசையவில்லை. அவன் கால் பின்னால் போகிறது. இன்னும் இரண்டு இருக்கிறது. கயிற்றை மட்டும் நழுவ விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.